பாதிப் பெயரோடு நிற்கும் வால்வு ரேடியோ: செய்தவர் யார் என்று எப்படித் தேடுவது?

திருகோணமலை உவர்மலையில் அம்மப்பாவின் வீட்டைத் துப்புரவாக்கும்போது கிடைத்த வால்வு ரேடியோ ஒன்றின் படத்தைப் போட்டு, "இது எந்தக் கம்பனி, தேடிப் பார்த்தும் எங்கும் இல்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். முகப்பில் பித்தளை எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. கடைசி இரண்டு ஆங்கில எழுத்து, ஆர், ஏ, மட்டும் மிச்சம். பின்பக்க அட்டை இல்லை. டயலில் மத்திய அலை ஒன்று, சிற்றலை மூன்று. உள்ளே ஐந்து வால்வு (ரான்சிஸ்ரருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்), அவற்றின் எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே வீட்டில் இரண்டு கதை ஓடுகிறதாம். பெரிய மாமா சொல்வது, யுத்தகாலத்தில் ஒரு நேவி ஒஃபிசர் அம்மப்பாவுக்குக் கொடுத்தது என்று. அம்மா சொல்வது, 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளமான டொக்யாட்டை விட்டுப் போகும்போது விலைக்கு வாங்கியது என்று. ஆகவே கேள்வி உண்மையில் இரண்டு: செய்தவர் யார், வீட்டுக் கதையில் எது நம்பக்கூடியது. இரண்டாவதற்குப் பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முதலாவதற்குத்தான் நீங்கள் கொஞ்சம் மினக்கெட வேண்டும்.

நான் திருகோணமலையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகி, வால்வு செற்றுகளின் காலம் முடிந்த பிறகும் அவற்றை விடாமல் பார்த்து வருகிறவன். எனக்குத் தெரிந்தது மேசையில் கழற்றிப் போட்ட செற்றுகள் சொல்லிக்கொடுத்தது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய ரேடியோவுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம். பெயருக்குச் சொந்தக்காரர் ஒருவர், உள்ளே பாகங்கள் எல்லாம் பூட்டியிருக்கும் தகரச் சட்டத்தை, அதாவது சேசிஸை, செய்தவர் ஒருவர், பெட்டியைச் செய்தவர் ஒருவர். இந்த மூன்றிலும் இலேசாக மாறக்கூடியது பெயர்தான். பிரித்தானியாவில் கூட்டுறவுக் கடைகள் டிஃபையன்ட் என்ற பெயரில் ரேடியோ விற்றன. 1930களில் பெரிய ரேடியோக் கம்பனிகள், கூட்டுறவு தன் அங்கத்தவருக்குக் கொடுக்கும் பங்குப்பணம் மறைமுகமான விலைக்குறைப்பு என்று சொல்லி அவர்களுக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தன. அதனால் கூட்டுறவு தனக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொண்டது. செற்றைச் செய்து கொடுத்தது ப்ளெஸ்ஸி. எச்எம்வி நல்லதா மார்க்கோனிஃபோன் நல்லதா என்று எங்கள் கடை வாங்கில் இருந்து வாதாடியவர்கள் உண்டு. இரண்டும் 1931இல் உருவான ஈஎம்ஐயின் கீழ் வந்தவை. பல மொடல்களில் ஒரே சேசிஸ்தான் இரண்டு வகைப் பெட்டிக்குள் போனது. அமெரிக்காவில் சில்வர்டோன் என்பது சியர்ஸ் கடையின் பெயர், எயர்லைன் என்பது மொன்ட்கொமரி வார்ட் கடையின் பெயர். சில்வர்டோன் சேசிஸ் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கம்தான் உண்மையில் செய்த கம்பனியைக் காட்டும் குறி.

இதன் உச்சம் 1944இல் பிரித்தானிய அரசு கொண்டுவந்த யுத்தகாலப் பொதுமக்கள் ரேடியோ. ஒரே வடிவம், ஒரே சுற்று, பெட்டியில் கம்பனிப் பெயரே இல்லை; நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் செய்தன. யார் செய்தது என்பதற்கு 'யூ' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் எண்ணும் மட்டும்தான். அது மத்திய அலை மட்டும் எடுக்கிற செற் என்பதால் உங்களுடையது அதுவாக இருக்க வழியில்லை. ஆனால் பெயரை வைத்து மட்டும் தேடினால் எங்கே போய் முட்டும் என்பது அதில் தெரியும்.

உங்கள் செற்றுக்குக் கிட்டிய உதாரணம் பிலிப்ஸ். ஒல்லாந்துக் கம்பனியான அது தன் ரேடியோக்களைத் தன் பெயரில் மட்டும் விற்கவில்லை. பெல்ஜியத்தில் சியரா, பிரான்சில் ரேடியோலா, ஒல்லாந்திலேயே அரிஸ்டோனா, பிரித்தானியாவில் ஸ்டெல்லா என்று பிலிப்ஸ் குடும்பத்துக்குப் பல பெயர். முகப்புத் துணி, குமிழ், டயல் கண்ணாடி மாறும். தகரத்துக்குக் கீழே பார்த்தால் பிலிப்ஸ். இப்படியான பெயரை ஒரு கம்பனி என்று நினைத்துத் தேடினால் தொழிற்சாலை விலாசம் கிடைக்காமல் அலைய வேண்டியதுதான்.

இன்னொரு பொறி, கொழும்பு முகவரின் தகடு. எங்கள் பக்கத்துச் செற்றுகளில் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு கடையின் பெயரும் விலாசமும் ஒட்டியிருக்கும். அது விற்றவர் விலாசம். உங்கள் படத்தில் பெட்டியின் வலது பக்கத்தில் நீள்சதுரமாக ஒரு வெளிறிய இடம் தெரிகிறது. அப்படி ஒரு தகடு இருந்து கழன்ற இடம் என்றுதான் நினைக்கிறேன். அது கிடைத்தாலும் உங்கள் கேள்விக்கு நேரடி விடை ஆகாது. ஆனால் அந்தக் கடை எந்தெந்த நாட்டுச் சரக்கை இறக்கியது என்று பழைய பத்திரிகை விளம்பரத்தில் தேட ஒரு நூல் கிடைக்கும்.

சரி, உள்ளே பார்ப்போம். திருகோணமலையில் பல பத்து வருடம் கிடந்த ஒரு செற்றில், தொழிற்சாலையில் போட்டது எது, பிறகு திருத்தியவர் போட்டது எது என்று பிரித்துக்கொள்வதுதான் முழு வேலையும். திருத்துகிறவர் மாற்றுவது வால்வு, பேப்பர் கொண்டென்சர், மின்வடிகட்டும் பெரிய கொண்டென்சர், மின்கயிறு, ஒலி கூட்டுகிற குமிழ், சில வேளை ஸ்பீக்கர். அவர் தொடாதது நிலையம் பிடிக்கத் திருப்பும் தகட்டு அடுக்கான ட்யூனிங் கேங், ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) சுருள்கள் இருக்கும் தகரக் கூடான ஐ.எஃப். கேன், அலை மாற்றும் சுவிச், சேசிஸ் தகரம், டயல் பொறிமுறை. முதல் வரிசையில் உள்ளவை எத்தனை அழகாகக் கம்பனிப் பெயரைச் சொன்னாலும் அவற்றின் சாட்சிக்குப் பெறுமதி குறைவு. இரண்டாவது வரிசையில் உள்ளவை பெரும்பாலும் பேசாது, பேசினால் நம்பலாம்.

வால்வில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் தந்த தகவலில் பெறுமதியானது அதுதான். ஈசிஎச் 42, ஈஎஃப் 41, ஈபிசி 41, ஈஎல் 41, ஏஇசட் 41 என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நான்கும் மல்லார்ட், கடைசியானது துங்ஸ்ராம். இந்தக் கம்பனிப் பெயர்களை மறந்துவிடுங்கள். மல்லார்ட் 1927இலிருந்தே பிலிப்ஸின் சொத்து, எங்கள் கடைகளில் எப்போதும் கிடைத்தது, எரிந்த வால்வுக்குப் பதிலாக எந்தச் செற்றிலும் ஏறும். துங்ஸ்ராம் ஹங்கேரிக் கம்பனி. கையில் கிடைத்ததைச் செருகியிருப்பார்கள். மல்லார்ட் வால்வின் அடிப்பக்கத்தில் பொறித்த சின்ன எழுத்துகள் இருந்தால், இரண்டாவது வரியில் முதல் எழுத்து தொழிற்சாலை ('பி' என்றால் பிளாக்பர்ன், 'ஆர்' என்றால் மிட்சம்), அடுத்தது வருடத்தின் கடைசி இலக்கம், பிறகு மாதத்துக்கு ஓர் எழுத்து, கிழமைக்கு ஓர் இலக்கம். அதைப் படித்து ஆண்டு கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது அந்த வால்வு பிறந்த நாள், செற் பிறந்த நாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கம்பனியை விட வால்வின் வகை பெரிய சாட்சி. வகையை மாற்ற வேண்டுமானால் சொக்கெற்றையே மாற்ற வேண்டும். அதற்கு ஆரும் மினக்கெட மாட்டார்கள். உங்களுடைய ஐந்தும் ரிம்லொக் வகை: எட்டுக் கால், அடிவிளிம்பில் பக்கவாட்டாக ஒரு சின்னக் குமிழ், அது சொக்கெற்றின் வெட்டில் போய் உட்காரும். பிலிப்ஸ் குடும்பம் யுத்தம் முடிந்த பிறகு, 1940களின் பின்பாதியில் சந்தைக்குக் கொண்டுவந்த வகை இது. 1950களின் நடுவில் ஒன்பது காலுள்ள நோவல் வால்வுகள், ஈசிஎச் 81, ஈஎல் 84 போன்றவை, இவற்றைத் தள்ளிவிட்டன. ஆகவே உங்கள் செற் ஏறத்தாழ 1948க்கும் 1954க்கும் இடையில் வடிவமைக்கப்பட்டது. இதை நிச்சயம் என்ற பட்டியலில் போடலாம்.

அதோடு பெரிய மாமாவின் கதை விழுந்துவிடுகிறது. யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அந்த யுத்தம் முடிந்தது 1945இல். அப்போது இந்த வால்வுகள் கடைக்கு வரவில்லை. மாமா பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. யுத்தகாலத்தில் வேறொரு செற் வீட்டில் இருந்து, அதன் கதை இதில் ஏறியிருக்கலாம். எங்கள் ஊரில் வீட்டில் ஒரு ரேடியோ போய் இன்னொன்று வந்தாலும் அது நிற்கிற மேசையும் கதையும் மாறாது.

இப்போது ஏஇசட் 41 பற்றி. இது ரெக்டிஃபையர், அதாவது ஆடலோட்ட மின்சாரத்தை நேரோட்டமாக்கும் வால்வு. மற்ற நான்கு வால்வும் 6.3 வோல்ற்றில் சூடாகிறவை. ஏஇசட் 41 மட்டும் 4 வோல்ற், அதுவும் இழையே நேரடியாக எலெக்ட்ரோன் விடுகிற பழைய முறை. இதே வேலைக்கு 6.3 வோல்ற்றில் ஈஇசட் 40 என்று ஒன்று இருந்தது. ரிம்லொக் போட்ட பிரித்தானியச் செற்றுகளில் பெரும்பாலும் நாம் காண்பது அதைத்தான். 4 வோல்ற் ரெக்டிஃபையர் ஐரோப்பியக் கண்டத்துக்காரரின் பழக்கம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் செருக முடியாது, வோல்ற் அளவு வேறு. ஆனால் துங்ஸ்ராம் பிறகு போட்டது என்பதால், திருத்தியவர் வயரிங்கையும் சேர்த்து மாற்றினாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். செற்றை மின்சாரத்தில் போடாமல் கவிழ்த்து வைத்து, அந்தச் சொக்கெற்றுக்கு ட்ரான்ஸ்போமரிலிருந்து தனியாக இரண்டு தடித்த கம்பி வருகிறதா பாருங்கள். அவை மற்ற வால்வுகளின் சூட்டுக் கம்பியோடு சேரக் கூடாது. பெரிய கொண்டென்சருக்குப் போகிற கம்பியும் அந்தச் சூட்டுக் காலிலிருந்தே கிளம்ப வேண்டும். அப்படி இருந்து, ஈயப்பற்றும் மற்ற இடங்களைப் போல மங்கிப் பழையதாக இருந்தால் அது தொழிற்சாலை வேலை. பற்று பளபளவென்று உருண்டையாக இருந்தால் பிறகு ஒருவர் கை வைத்திருக்கிறார்.

அடுத்து திருகாணி. இதை ஏனோ பலரும் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் பிடித்தமான சாட்சி. அந்தக் காலத்துப் பிரித்தானிய ரேடியோவில் பிஏ என்ற அளவு, ஐரோப்பாவில் மெற்றிக், அமெரிக்காவில் அங்குல அளவு. 6 பிஏ ஆணியின் விட்டம் 2.8 மில்லிமீற்றர், 4 பிஏ 3.6. மெற்றிக் எம் 3 சரியாக 3.0. அமெரிக்க 6-32 ஏறத்தாழ 3.5, ஆனால் புரி நன்றாக அகன்றிருக்கும். ஹாட்வெயார் கடையில் ஒரு எம் 3 நட்டு வாங்குங்கள். எம் 3 நட்டு கையால் சுழற்றவே வழுக்கிக்கொண்டு முழுதாக ஏறினால் ஐரோப்பிய வேலை. லொடலொடவென்று ஆடினால் அது 6 பிஏயாக இருக்கலாம். எந்த ஆணியைச் சோதிப்பது என்பதும் முக்கியம். பெட்டியோடு சேசிஸைப் பிடிக்கிற ஆணி நூறு தடவை கழற்றி மாற்றப்பட்டிருக்கும். அலை மாற்றும் சுவிச்சையும் ஐ.எஃப். கேனையும் பிடிக்கிறவற்றைப் பாருங்கள். நட்டின் ஓரத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு துளி பெயின்ற் காய்ந்திருந்தால் அது கழராமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த முத்திரை. அதற்குக் கீழே இருப்பது மாறவில்லை. பெயின்ற் உடையாமல் இருக்கிற ஆணியைக் கழற்றாதீர்கள், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற முனையிலேயே நட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த வேலையில் ஒரு எச்சரிக்கை. கடற்காற்றில் கிடந்த சேசிஸில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாப்போல ஒரு பொடி பூத்திருக்கும். பல கம்பனிகள் தகரத்துக்குக் காட்மியம் பூசினார்கள். அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், மண்கடதாசி போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சின்னச் சின்ன சாமான்களும் பேசும். பிலிப்ஸ் தன் உதிரிப்பாகங்களில் பெரும்பகுதியைத் தானே செய்தது. கொயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ட்ரிம்மர்கள் (நுணுக்கமாகச் சரிசெய்யும் குட்டிக் கொண்டென்சர்கள்) ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற வட்டத் தகடுகளாக, குட்டித் தேன்கூடு மாதிரி இருந்தால் அது பிலிப்ஸ் செய்த ட்ரிம்மர். ஆனால் பிலிப்ஸ் உதிரிப்பாகங்களை மற்றக் கம்பனிகளுக்கும் விற்றது. ட்ரிம்மரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பிரித்தானியக் கம்பனிகள் பல கேங்கை வெளியில் வாங்கின: ப்ளெஸ்ஸி, ஜாக்சன், லிவர்பூலில் விங்ரோவ் அன்ட் ரொஜர்ஸ் செய்த போலார். ப்ளெஸ்ஸி கேங் இருப்பதால் ப்ளெஸ்ஸி செற் ஆகாது. கேங், ஐ.எஃப். கேன், சுவிச், ட்ரான்ஸ்போமர் நான்கும் ஒரே வீட்டுச் சாமான் என்றால்தான் அந்த வீட்டைச் சந்தேகிக்கலாம். சோதனை அலை கொடுக்கும் கருவியான சிக்னல் ஜெனரேட்டர் உள்ள ஒருவர் கிடைத்தால் ஐ.எஃப். எத்தனையில் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய பிலிப்ஸுக்கு 452 கிலோசைக்கிள், பிரித்தானியாவில் 465, பிறகு 470, அமெரிக்காவில் 455. இதில் நம்பிக்கை பாதிதான், ஏனென்றால் திருப்புளி பிடிக்கத் தெரிந்த எல்லாரும் ஐ.எஃப். கேனின் தலையைத் திருகிப் பார்த்திருப்பார்கள்.

மின்வோல்ற் தெரிவு செய்யும் தகட்டையும் படம் எடுங்கள். பிரித்தானிய உள்நாட்டுச் செற்றில் 200 முதல் 250 வரை மட்டும் போட்டிருப்பார்கள். 110இலும் 125இலும் தொடங்கினால் அது ஐரோப்பாவுக்கோ ஏற்றுமதிக்கோ செய்தது. உங்கள் டயலில் நெட்டலை இல்லாததும் இதற்குப் பொருந்துகிறது. ஐரோப்பாவில் விற்கிற செற்றில் நெட்டலை கட்டாயம்போல இருக்கும். எங்கள் பக்கம் அனுப்புவதில் அதை எடுத்துவிட்டு இன்னொரு சிற்றலை வைப்பார்கள். கொழும்பு, பிபிசி எல்லாம் கேட்பதற்குச் சிற்றலைதானே வேண்டும். ஆகவே இது ஏற்றுமதிக்கென்று செய்த செற் என்பதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு.

டயல் கண்ணாடியில் நிலையப் பெயர் இருந்தால் அதுவும் ஒரு நாட்காட்டி. பிபிசி தன் ஹோம் சேர்விஸைத் தொடங்கியது 1939 செப்ரெம்பரில், லைட் புரோகிராம் 1945 யூலையில், தேர்ட் புரோகிராம் 1946 செப்ரெம்பரில். நஷனல், ரீஜனல் என்று இருந்தால் யுத்தத்துக்கு முந்தியது. உங்கள் படத்தில் மீற்றர் எண்கள் மட்டும்தான் தெரிகின்றன, பெயர் இருந்தாலும் அழுக்கில் மறைந்திருக்கிறது. அதற்காகக் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்துவிடாதீர்கள். எழுத்து அச்சிட்டிருப்பது உட்பக்கத்தில். அந்தப் பழைய மை ஈரத் துணியோடு வந்துவிடும். ஒரே துடைப்பில் முழு டயலும் வெறும் கண்ணாடி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கத்தைத் துடைத்து, பின்னால் ஒரு லைற் பிடித்துப் படம் எடுங்கள்.

இனிப் பெயர். ஆர், ஏ என்று முடிகிற பெயர் என்றவுடன் எனக்கு மூன்று ஞாபகம் வந்தன. லண்டன் கம்பனியான அல்ட்ரா, நான் மேலே சொன்ன சியரா, பிரான்சின் சொனோரா. அமெரிக்காவிலும் ஒரு சொனோரா இருந்தது, அதை உங்கள் வால்வுகளே தள்ளிவிடுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால் அல்ட்ரா, சியரா இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஐந்தைந்து எழுத்து. எழுத்தை எண்ணிப் பிரயோசனம் இல்லை. சொனோராவுக்கு ஆறு. பித்தளை எழுத்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊசி போல இரண்டு கால் இருக்கும், அது மரத்தில் துளை விட்டிருக்கும். எழுத்து மூடியிருந்த இடத்தில் வார்னிஷ் வெயில் படாமல் வேறு நிறத்தில் நிற்கும். அறையை இருட்டாக்கி, ரோர்ச் லைற்றை முகப்போடு ஒட்டிச் சரிவாகப் பிடித்து, மிச்சமிருக்கிற 'ஆர்' எழுத்துக்கு உடனே இடது பக்கத்தை மட்டும் பாருங்கள். அல்ட்ரா என்றால் அங்கே 'டி' இருந்திருக்கும்: நடுவில் ஒரே நேர்க்கோடு, மேலே ஒரு குறுக்குக்கோடு. சியரா என்றால் 'ஈ', இடது ஓரத்தில் நேர்க்கோடும் வலது பக்கம் மூன்று பல்லும். சொனோரா என்றால் வட்டம். முகப்பைப் பிறகு ஒருவர் மெருகு போட்டிருந்தால் நிழல் போயிருக்கும். துளையின் இடைவெளி மட்டும் மிஞ்சும்.

இவை மூன்றிலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இறக்குமதி செய்த கடைகளும் தங்களுக்கென்று ஒரு பெயரை அடித்து வாங்கிய காலம் அது. அப்படியான பெயருக்குத் தொழிற்சாலையே கிடையாது, இருந்தது ஒரு விலைப்பட்டியல் மட்டும்.

பெட்டியை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் கறையான் தின்ற பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, மொறட்டுவையிலோ ஊர்த் தச்சரிடமோ புதிதாகச் செய்வித்தவர்கள் உண்டு. ஐரோப்பியப் பெட்டி ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தோல் ஒட்டியது. ஊர்ப் பெட்டி தேக்கிலோ பலாவிலோ முழுப் பலகை. உங்கள் படத்தில் மூலையில் தோல் பிரிந்து அடுக்கு தெரிவதால் இது வெளியில் செய்ததுதான்.

நேவிக் கதைக்கு வருகிறேன். நேவி பாவித்த செற் என்றால் அதற்கு முகமே வேறு. இரும்புப் பெட்டி, முன்னால் கைபிடி, அகன்ற அம்புக்குறி முத்திரை, அட்மிரல்டி பற்றேர்ன் எண். மர்ஃபி செய்த பி 40, மார்க்கோனியின் பி 28 எல்லாம் அந்த வகை. உங்களுடையது வரவேற்பறையில் வைக்கிற மரச் செற். ஒரு ஒஃபிசர் குடும்பம் தன் பாவனைக்கு வாங்கி, 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது விற்றிருக்கலாம். காலம் பொருந்துகிறது, அம்மாவின் கதைக்கு எதிராகச் செற்றில் எதுவும் இல்லை. ஆனால் ஆதரவாகவும் எதுவும் இல்லை, கொழும்புக் கடைத் தகடு ஒட்டியிருந்த இடம் என்று நான் நினைப்பதைத் தவிர. அதுவும் இரண்டு பக்கமும் வெட்டும்: வெள்ளைக்காரரும் கொழும்பில் வாங்கியிருக்கலாம், அம்மப்பாவே நேரடியாகவும் வாங்கியிருக்கலாம். ஒரு பழைய பற்றுச்சீட்டோ வானொலி அனுமதிப்பத்திரமோ வீட்டுக் கடதாசிகளுக்குள் கிடந்தால்தான் இது தீரும்.

இதே போல வேறு செற் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்வில் அம்புக்குறியோ விஆர் 53, விஆர் 55 போன்ற எண்ணோ கண்டவுடன் செற்றே படையுடையது என்று நினைக்க வேண்டாம். விஆர் 53 என்பது ஈஎஃப் 39இன் விமானப்படை எண், விஆர் 55 ஈபிசி 33. யுத்தம் முடிந்து மிஞ்சியதை மலிவாக விற்றார்கள், திருத்துகிறவர்கள் சாதாரண செற்றில் போட்டார்கள். அதே மாதிரி, ஜேர்மன் செற் கண்டால் "அது ஜேர்மன் வானொலி நிலையத்துக்காரர் கொண்டுவந்தது" என்று சொல்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். டொச்ச வெல்ல இங்கே ஒலிபரப்பத் தொடங்கியது 1984இல். அதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே ரான்சிஸ்ரர் வந்து வால்வு ரேடியோ போய்விட்டது.

கடதாசியில் தேட விரும்பினால் இடம் இருக்கிறது. பிரித்தானியச் செற்றுகளுக்கு 'டிரேடர் ஷீற்' என்று தொழிற்காரருக்கு வந்த திருத்தும் தாள்கள் நல்லவை. இதே சேசிஸ் இன்ன மொடலிலும் இருக்கிறது என்று பல தாள்களில் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இலங்கையில் வணிகக் குறி பதிவுக்கு விண்ணப்பித்தால் அரச வர்த்தமானியில் விளம்பரம் வரும், அதில் விண்ணப்பித்த கம்பனியின் பெயரும் விலாசமும் இருக்கும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வர்த்தமானியும் வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளும் பார்க்கலாம். 1948 முதல் 1955 வரை தீபாவளி, நத்தார்க் காலத்து இதழ்களில் தொடங்குங்கள், ரேடியோ விளம்பரம் அப்போதுதான் குவியும். ஆனால் முதலில் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும்; அதற்கு முன் கொழும்புக்குப் பஸ் ஏறுவது வீண்செலவு.

இன்றைய நிலையில் என் கணிப்பு இது. 1948-54 காலம், ஏற்றுமதிச் செற்: நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியக் கண்டத்தில் செய்தது: ஏஇசட் 41 தொழிற்சாலை வயரிங்கோடு இருக்குமானால் மிகவும் சாத்தியம், இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. பிலிப்ஸ் குடும்பத்துச் சியரா: பிடித்தமான ஊகம், அவ்வளவுதான். எம் 3 நட்டு லொடலொடத்தால் நானே அல்ட்ரா பக்கம் சாய்ந்துவிடுவேன். சேசிஸின் பின்பக்கம், ஐ.எஃப். கேனின் பக்கங்கள், ரெக்டிஃபையர் சொக்கெற்றின் அடி, ஸ்பீக்கர் வளையத்தில் உள்ள முத்திரை, சரிவு வெளிச்சத்தில் முகப்பு, இவற்றின் படங்களைப் போடுங்கள். அதுவரை தயவுசெய்து பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டாம். இத்தனை வருடம் கிடந்த கொண்டென்சர் சோர்ட் ஆகியிருக்கும், ட்ரான்ஸ்போமர் எரியும். எரிந்தால் உள்ளே 4 வோல்ற் சுருள் இருந்ததா என்று அளந்து பார்க்கிற வழியும் அதோடு போய்விடும்.